பெரிய ஏசியும் வேண்டாம், தண்ணீர்க் கூலரும் வேண்டாம்: சைக்ரோமெட்ரிக் சார்ட்டைப் படிப்பது எப்படி?

டர்பனில் ஏசி வேலை பழகிவரும் தம்பி ஒருவர் கேட்டிருப்பது இதுதான். சாட்ஸ்வொர்த்தில் ஒரு கல்யாண மண்டபம். ஏசியை 18 டிகிரியில் வைத்து ஓட்டுகிறார்கள். உள்ளே 20 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம். குளிருகிறது, ஆனாலும் பட்டுச்சேலை உடம்போடு ஒட்டுகிறது. காற்று வரும் கிரில்களிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, அவற்றைச் சுற்றிச் சீலிங்கில் கரும்பூஞ்சை. ஒப்பந்தக்காரர் இதைவிடப் பெரிய மிஷின் போட வேண்டும் என்கிறார். ஜொகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருக்கும் மாமா, "எங்கள் வீட்டில் இருப்பதுபோல் தண்ணீர்க் கூலர் வாங்கு, கரண்ட் மிச்சம்" என்கிறார். காற்றின் சூட்டையும் ஈரத்தையும் ஒரே படத்தில் காட்டும் சைக்ரோமெட்ரிக் சார்ட் ஒன்றை வகுப்பில் கொடுத்திருக்கிறார்கள். அதை எடுத்துப் பார்த்தால் சிலந்தி வலைபோல் கோடுகள். எங்கிருந்து படிப்பது என்றே தெரியவில்லை.

தம்பி, மாமா சொல்வது லெனேசியாவுக்குப் பொருந்தும், டர்பனுக்கு ஆகாது. ஒப்பந்தக்காரர் சொல்வது எந்த ஊருக்கும் ஆகாது. இதை வாயால் சொன்னால் மண்டபக் கமிட்டி கேட்காது. சார்ட்டில் நான்கு புள்ளி வைத்துக் காட்டினால் கேட்கும். ஆகவே சார்ட்டிலிருந்தே தொடங்குவோம்.

அதில் கோடுகள் ஆறேழு வகை உண்டு. முதலில் இரண்டை மட்டும் பாருங்கள். அடியில் இடமிருந்து வலமாக ஓடுவது சாதாரண வெப்பமானி காட்டும் வெப்பநிலை. பாடத்தில் உலர்குமிழ் வெப்பநிலை என்பார்கள். வலது ஓரத்தில் கீழிருந்து மேலே ஏறுவது, ஒரு கிலோ உலர்ந்த காற்றோடு எத்தனை கிராம் நீராவி கலந்திருக்கிறது என்ற கணக்கு. வலப்பக்கம் போனால் சூடு, மேலே போனால் தண்ணீர். மற்றக் கோடுகளெல்லாம் இந்த இரண்டிலிருந்து கணக்கிட்டு வரையப்பட்டவை.

இடப்பக்கம் வளைந்து ஏறும் தடித்த கோடுதான் எல்லை. அது தெவிட்டுநிலை, அதாவது 100 சதவீத ஈரப்பதம். காற்றைக் குளிர்வித்துக்கொண்டே போனால் அதன் புள்ளி நேர்கிடையாக இடப்பக்கம் நகரும். தண்ணீர் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்த வளைவைத் தொட்ட பிறகும் குளிர்வித்தால், புள்ளி வளைவை ஒட்டியே கீழே சறுக்கும். சறுக்கும் ஒவ்வொரு கிராமும் தண்ணீராக விழும். ஏசியின் டிரேயில் விழும் தண்ணீர் இந்தச் சறுக்கலிலிருந்துதான் வருகிறது. வளைவைத் தொட்ட அந்த இடத்தின் வெப்பநிலைக்குப் பனிநிலை என்று பெயர்.

எல்லோரும் ஏமாறுவது சதவீதத்தில். டர்பனில் ஆடி என்றால் குளிர்காலம், தை என்றால் கோடை. ஆடி மாதம் கூழ் ஊற்றும் காலத்துக் காலைப்பொழுது ஒன்றை 12 டிகிரி, 90 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தைப்பூசக் காவடிக் காலத்துப் பிற்பகல் ஒன்றை 30 டிகிரி, 70 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதில் ஈரம் அதிகம் என்று கேட்டால், சதவீதத்தைப் பார்த்து முதலாவது என்று சொல்லத் தோன்றும். சார்ட்டில் இரண்டையும் குறித்து வலது ஓரத்துக்குக் கோடு இழுங்கள். ஆடிக் காலையில் ஒரு கிலோ காற்றுக்கு 8 கிராமுக்கும் குறைவு. தைப்பூசப் பிற்பகலில் 18.8 கிராம். அந்த ஆடிக் காற்றையே வீட்டுக்குள் விட்டு 22 டிகிரிக்குச் சூடாக்கினால் அது 48 சதவீதமாகிவிடும். ஒரு சொட்டுத் தண்ணீரும் வெளியேறவில்லை. சதவீதம் என்பது அந்த வெப்பநிலையின் உச்ச அளவோடு ஒப்பிட்டுச் சொல்வது, அவ்வளவே. உடம்புக்கும் பூஞ்சைக்கும் அது முக்கியம், மறுக்கவில்லை. ஆனால் இரண்டு இடத்துக் காற்றை ஒப்பிட வேண்டுமென்றால் கிராமையோ பனிநிலையையோதான் பார்க்க வேண்டும்.

பனிநிலைக்குக் கருவிகூட வேண்டியதில்லை. தைப்பூசப் பிற்பகலின் பனிநிலை ஏறக்குறைய 24 டிகிரி. 24-ஐ விடக் குளிர்ந்த எந்தப் பொருளும், குளிர்பானப் பாட்டிலோ கண்ணாடியோ இரும்புக் குழாயோ, அந்தக் காற்றில் வியர்க்கும். உங்கள் கிரில் ஏன் வியர்க்கிறது என்பதற்கு விடை ஏறக்குறைய கிடைத்துவிட்டது, இல்லையா? மண்டபத்தின் 20 டிகிரி, 75 சதவீதக் காற்றுக்கே பனிநிலை 15-ஐத் தாண்டுகிறது. கிரில் 13 அல்லது 14 டிகிரியில் இருக்கும். கதவைத் திறந்து வைத்தால் வெளிக்காற்றும் அதன்மேல் மோதும். சொட்டாமல் என்ன செய்யும்?

சீலிங் கரும்பூஞ்சை கொஞ்சம் வேறு கதை. அது மண்டபத்துக்குள் இருக்கும் ஈரத்தால் மட்டும் வருவது என்று நினைக்காதீர்கள். சீலிங்குக்கு மேலே, கூரைக்கு அடியில் இருப்பது வெளிக்காற்று. அதன் பனிநிலை 24. அதன் வழியாக 13 டிகிரிக் குளிர்காற்றைச் சுமந்துகொண்டு டக்ட் ஓடுகிறது. இன்சுலேஷன் கிழிந்த இடத்தில், கிரில்லோடு டக்ட் சேரும் கழுத்தில், தண்ணீர் கோத்து மேலிருந்து சீலிங் பலகையை நனைக்கும். ஏணி வைத்து ஒரு பலகையைக் கழற்றிக் கையை விட்டுப் பாருங்கள். இதற்குப் பெரிய மிஷின் போட்டால் டக்ட் இன்னும் குளிரும், பூஞ்சை இன்னும் படரும்.

இனி ஒரு கோட்டு வகை: இடது மேல் ஓரத்தில் சாய்வாக ஓர் அளவுகோல் இருக்கும். அது என்தால்பி, ஒரு கிலோ உலர்ந்த காற்றோடு சேர்ந்த மொத்த வெப்பம், கிலோஜூலில். பணம் எங்கே போகிறது என்று சொல்வது இதுதான். 30 டிகிரி, 70 சதவீத வெளிக்காற்றின் என்தால்பி ஏறக்குறைய 78. ஏசிக்குள் காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருளான காயிலைத் தாண்டி 12 டிகிரியில் தெவிட்டிய நிலையில் வெளிவரும் காற்றுக்கு 34. வித்தியாசம் 44. இந்த 44-இல் வெப்பநிலையைக் குறைக்கப் போவது 18 சொச்சம். மீதி 25 சொச்சம், அதாவது பாதிக்கு மேல், நீராவியைத் தண்ணீராக்கவே செலவாகிறது. ஒவ்வொரு கிலோ காற்றிலிருந்தும் 10 கிராம் தண்ணீர் வெளியேறுகிறது. டர்பனில் ஏசி என்பது முதலில் ஈரம் பிழியும் மிஷின், அதற்குப் பிறகுதான் குளிரூட்டும் மிஷின்.

இது புதுச் செய்தியும் இல்லை. ஏசி பிறந்ததே ஈரத்துக்காகத்தான். 1902-இல் நியூயார்க் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில், ஈரம் ஏறி இறங்கும்போது காகிதம் விரிந்து சுருங்கியது. ஒரு நிறத்தின் மேல் அடுத்த நிறம் சரியாக உட்காரவில்லை. அதைத் தீர்க்கத்தான் வில்லிஸ் கேரியர் தன் அமைப்பை வடிவமைத்தார். 1911-இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் முன் அவர் வைத்த கட்டுரையிலிருந்துதான் நாம் இன்று விரித்து வைத்திருக்கும் சார்ட்டின் வம்சம் தொடங்குகிறது. அச்சகக்காரர்கள் ஆளுக்குக் குளிருகிறதா என்று கேட்கவில்லை. நம் ஒப்பந்தக்காரர்கள் அதை மட்டுமே கேட்கிறார்கள்.

சரி, மண்டபத்துக்கு வருவோம். இப்போது உள்ளே இருக்கும் 20 டிகிரி, 75 சதவீதக் காற்றைக் குறியுங்கள்: 11 கிராம். இருக்க வேண்டிய நிலை என்று பொதுவாகச் சொல்லும் 24 டிகிரி, 50 சதவீதத்தைக் குறியுங்கள்: 9.3 கிராம். நான்கு டிகிரி அதிகம் குளிர்ந்திருக்கும் உங்கள் மண்டபத்தில் தண்ணீர் அதிகம்! காரணம், இருக்கும் மிஷினே அளவுக்கு மீறியது. அது சில நிமிடங்களில் வெப்பநிலையைப் பிடித்துவிட்டு நின்றுவிடுகிறது. காயில் நன்றாகக் குளிர்ந்து, அதன் தகடுகள் நனைந்து, தண்ணீர் வழிந்து டிரேக்கு வருவதற்கே கொஞ்ச நேரம் ஆகும். அதற்குள் கம்ப்ரஸர் நின்றுவிட்டால் ஈரம் எல்லாம் தகட்டிலேயே தங்கும். ஃபேன் மட்டும் தொடர்ந்து ஓடும்படி சுவிட்சை வைத்திருந்தால் அந்த ஈரம் மறுபடி ஆவியாகி மண்டபத்துக்கே போகும். பிசுபிசுப்பு தாங்காமல் யாரோ போய் 24-ஐ 22 ஆக்கி, 22-ஐ 20 ஆக்கி, கடைசியில் 18-இல் வந்து நிற்கிறது. இன்னும் பெரிய மிஷின் இன்னும் சீக்கிரம் நிற்கும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். உட்கார்ந்திருக்கும் ஒருவர் மூச்சாலும் தோலாலும் மணிக்கு 50 கிராம் அளவில் நீராவி விடுகிறார். 300 பேர் என்றால் 15 லிட்டர். பெரிதாகத் தோன்றுகிறது. அந்த 300 பேருக்கும் ஆளுக்கு நொடிக்கு 7.5 லிட்டர் வெளிக்காற்று உள்ளே விடுகிறோம் என்று வையுங்கள். நொடிக்கு 2.25 கன மீட்டர், எடையில் இரண்டரைக் கிலோ. ஒவ்வொரு கிலோவும் அறைக்கு வேண்டியதைவிட 9.5 கிராம் அதிகமாகச் சுமந்து வருகிறது. மணிக்குக் கணக்குப் போட்டால் 85 லிட்டருக்கு மேல். ஆட்களைவிட வாசல் ஐந்து மடங்குக்கு மேல் நனைக்கிறது. மாப்பிள்ளை அழைப்புக்காக இரண்டு கதவையும் விரியத் திறந்துவைத்தால் இந்தக் கணக்கும் போதாது.

சமையல்கட்டு மண்டபத்தோடு ஒட்டியிருந்தால் அதையும் சேருங்கள். ஒரு கிலோ சமையல் எரிவாயு எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி பிறக்கும். அது வேதியியல், அடுப்பின் தரத்தைப் பொறுத்ததல்ல. பெரிய அண்டாவில் பிரியாணி வேகும் ஆவி இதற்கு மேல். எக்ஸாஸ்ட் ஃபேன் போட வேண்டும்தான். ஆனால் அது இழுக்கும் காற்றுக்கு ஈடாக வெளிக்காற்று சமையல்கட்டின் சொந்த ஜன்னல் வழியாக வர வேண்டும். மண்டபத்துக் கதவு இடுக்கு வழியாக வந்தால் நீங்களே ஈரத்தை விலைகொடுத்து வாங்குகிறீர்கள்.

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், பயிற்சி வகுப்புகளில் அவசரமாகத் தாண்டிப்போகும் இடம் இது. அறையில் சேரும் வெப்பத்தில் ஒரு பங்கு வெப்பநிலையை உயர்த்துவது, இன்னொரு பங்கு நீராவியாக வருவது. உட்கார்ந்திருக்கும் ஒருவர் முன்னதில் 70 வாட், பின்னதில் 35 வாட் தருகிறார் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். அதாவது மூன்றில் இரண்டு பங்கு வெறும் சூடு. இந்த விகிதம் சார்ட்டில் ஒரு சாய்வு. அறைப் புள்ளியிலிருந்து அந்தச் சாய்வில் கீழ்நோக்கி இடப்பக்கம் கோடு இழுத்தால், அது வளைவை வெட்டும் இடம்தான் காயில் மேற்பரப்பு இருக்க வேண்டிய வெப்பநிலை. ஆட்களை மட்டும் கணக்கில் எடுத்து 24 டிகிரி, 50 சதவீதத்திலிருந்து இழுத்துப் பாருங்கள். கோடு ஏறக்குறைய 5 டிகிரியில்தான் வளைவைத் தொடும். சாதாரண ஏசியை அப்படி ஓட்டினால் காயிலில் பனிக்கட்டி பிடிக்கும். அதே 24 டிகிரியில் 55 சதவீதத்துக்கு ஒத்துக்கொண்டால் கோடு 9 டிகிரிப் பக்கம் தொடும். வெறும் 5 சதவீதம் விட்டுக்கொடுத்ததில் முடியாத வேலை முடிகிற வேலையாகிறது. விளக்குகளும் வெயிலேறிய கூரையும் வெறும் சூட்டைக் கூட்டுவதால் உண்மையான கோடு இன்னும் படுக்கையாக இருக்கும், நிலைமை இதைவிடக் கொஞ்சம் எளிது. இரவு வரவேற்பில் வெயிலும் இல்லாமல் கூட்டம் மட்டும் நிறைந்திருந்தால் மறுபடி செங்குத்தாகும். அதற்குத்தான் பெரிய ஹோட்டல்களில் காற்றை ஆழமாகக் குளிர்வித்து ஈரத்தைப் பிழிந்துவிட்டு, கம்ப்ரஸரின் கழிவு வெப்பத்தாலேயே மீண்டும் கொஞ்சம் சூடாக்கி விடுகிறார்கள். சார்ட்டில் அது வளைவில் சறுக்கி இறங்கி, பிறகு வலப்பக்கம் நேர்கிடையாகத் திரும்புவது.

மாமாவின் கூலருக்கு வருவோம். நனைந்த பஞ்சின் வழியாகக் காற்றை ஊதினால் தண்ணீர் ஆவியாகும், அதற்கு வேண்டிய வெப்பத்தைக் காற்றிலிருந்தே எடுக்கும். காற்று குளிரும், ஈரம் ஏறும், மொத்த வெப்பம் மாறாது. சார்ட்டில் இது இடப்பக்கம் மேல்நோக்கிச் சாய்ந்து ஏறும் ஈரக்குமிழ்க் கோடு. அந்தக் கோடு வளைவைத் தொடும் வெப்பநிலைதான் ஈரக்குமிழ் வெப்பநிலை. அதற்குக் கீழே கூலர் எப்பாடுபட்டாலும் போகாது. ஜொகன்னஸ்பர்க் கோடைப் பிற்பகல் 30 டிகிரி, 30 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் 17. நல்ல கூலர் அந்த இடைவெளியில் 80 சதவீதம் கடக்கும். 20 டிகிரிக்குச் சற்றுக் கீழான காற்று கிடைக்கும். மாமா மகிழ்ச்சியாக இருப்பதில் வியப்பில்லை. டர்பனின் 30 டிகிரி, 70 சதவீதத்துக்கு ஈரக்குமிழ் 25-க்கு மேல். அதே கூலர் 26 டிகிரிக் காற்றைத் தரும், 90 சதவீதத்தைத் தாண்டிய ஈரத்தோடு. சேலை அப்போது ஒட்டுவதல்ல, பிழியலாம்.

மேட்டுநிலத்தில் சார்ட் படிப்பதில் ஒரு பொறி உண்டு. உங்கள் கையில் இருக்கும் சார்ட்டின் தலைப்பைப் பாருங்கள்: 101.325 கிலோபாஸ்கல் என்று இருக்கும். அது கடல்மட்டம். ஜொகன்னஸ்பர்க் விமான நிலையம் 1,690 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே அழுத்தம் ஏறக்குறைய 82.5. மேலே சொன்ன 30 டிகிரி, 30 சதவீதக் காற்றைக் கடல்மட்டச் சார்ட்டில் குறித்தால் 7.9 கிராம் என்று படிப்பீர்கள். உண்மையில் 9.8. நீராவி அதே அளவு இருக்க, அதைச் சுமக்கும் காற்று மெலிந்துவிட்டதால் கிலோவுக்குக் கிராம் கூடுகிறது. பனிநிலை மட்டும் மாறாது, இரண்டு சார்ட்டிலும் பத்தரை டிகிரிதான். அது நீராவியின் அழுத்தத்தை மட்டும் பொறுத்தது. இன்னொன்று, ஃபேன் கன மீட்டர் கணக்கில்தான் காற்றைத் தள்ளும். அங்கே அதே கன மீட்டரில் காற்றின் எடை ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்பனில் சரியாக வேலை செய்த கணக்கை அப்படியே லெனேசியாவில் போட்டால் குளிர் போதாது. பீட்டர்மரிட்ஸ்பர்க் இரண்டுக்கும் நடுவில்; அங்கே வீட்டு ஏசிக்கு இந்தத் திருத்தத்தைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கப் பொறியாளர்களுக்கு இது மனப்பாடம். தரையில் அழுத்தம் கடல்மட்டத்தைவிடக் குறைவு, ஆழத்தில் கடல்மட்டத்தைவிட அதிகம். அதனால் அவர்கள் ஓர் அழுத்தத்துக்கு ஒன்றாகச் சார்ட்டுகளை அடுக்கி வைத்து வேலை செய்தார்கள். தொழிலாளிக்கு ஆபத்தா என்று தீர்மானிக்க அவர்கள் முதலில் பார்ப்பதும் ஈரக்குமிழைத்தான். வியர்வை உலருமா என்பதை அது சொல்லும். வெறும் வெப்பநிலை சொல்லாது.

ஆடியில் டர்பனில் திடீரென்று 30 டிகிரியைத் தாண்டி, உதடு வெடிக்கும் அளவுக்குக் காற்று காயும் நாள்களும் உண்டு. பெர்க் காற்று. மேட்டுநிலத்திலிருந்து இறங்கும் காற்று அழுந்தி, கிலோமீட்டருக்குப் பத்து டிகிரி வீதம் சூடாகும். வழியில் தண்ணீர் சேராது. மேலே 15 டிகிரி, 4 கிராம், 31 சதவீதமாக இருந்தது 1,700 மீட்டர் இறங்கியதும் 32 டிகிரி, அதே 4 கிராம், 14 சதவீதம். வருடத்தில் அந்தச் சில நாள்களுக்கு மட்டும் மாமாவின் கூலர் டர்பனிலும் வேலை செய்யும்.

ஐரோப்பியக் கம்பெனிகளின் கையேட்டில் சார்ட் வேறு மாதிரி இருந்தால் மிரள வேண்டாம். 1923-இல் ஜெர்மானியர் ரிச்சர்ட் மோலியர் வரைந்த வடிவம் அது. வெப்பநிலை நிமிர்ந்து நிற்கும், கிராம் அடியில் படுத்திருக்கும். கணக்கு ஒன்றுதான்.

அளப்பதில் கவனம் வேண்டும். மலிவு டிஜிட்டல் மீட்டர் 5 சதவீதம் தவறினால் 24 டிகிரியில் ஒரு கிராம் போய்விடும். மேலே 5 சதவீதத்தில் என்ன நடந்தது என்று பார்த்தீர்கள். வாங்கியதும் சோதியுங்கள். ஒரு மூடியில் சமையல் உப்பைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சேறுபோல் குழைத்து, மீட்டரோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் சில மணி நேரம் வையுங்கள். 75 சதவீதம் காட்ட வேண்டும். எத்தனை தள்ளிக் காட்டுகிறதோ அதை மீட்டரின் முதுகிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். ஈரக்குமிழ் வெப்பமானி வைத்திருந்தால் திரிக்கு வடிநீர்தான் ஊற்ற வேண்டும், குழாய்த் தண்ணீரின் உப்பு திரியை அடைக்கும். காற்றும் அதன்மேல் வேகமாக ஓட வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை முகூர்த்தத்தில் கூட்டம் நிறைந்திருக்கும்போது மூன்று இடத்தில் அளவெடுங்கள்: வாசலுக்கு வெளியே, மண்டபத்தின் நடுவில், கம்ப்ரஸர் நின்றுவிடாமல் ஓடிக்கொண்டிருக்கும்போது காயிலைத் தாண்டி வரும் காற்றில். மூன்றையும் 24 டிகிரி, 55 சதவீதம் என்ற இலக்குப் புள்ளியோடு ஒரே சார்ட்டில் குறித்துக் கமிட்டி முன் வையுங்கள். காயிலைத் தாண்டிய காற்று 14 டிகிரிக்கு மேல் இருந்தால் முதலில் ஃபில்டரைச் சுத்தம் செய்து, ஃபேன் வேகத்தைக் குறைத்து, கேஸ் அளவைப் பாருங்கள். 14-க்குக் கீழே இருந்தும் மண்டபம் ஈரமாக இருந்தால் கோளாறு மிஷினிலில்லை. ஃபேனைக் கம்ப்ரஸரோடு சேர்ந்து நிற்கும்படி ஆட்டோவில் போடுங்கள், பல யூனிட்கள் இருந்தால் கூட்டத்துக்குத் தேவையானவற்றை மட்டும் ஓட்டுங்கள், வாசலுக்குத் தானே மூடிக்கொள்ளும் கதவு போடச் சொல்லுங்கள், டக்ட் இன்சுலேஷனை மாற்றுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் 60 சதவீதத்துக்குக் கீழே வராவிட்டால், பெரிய ஏசிக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை, வெளிக்காற்றை உள்ளே விடும் முன்பே உலர்த்தும் தனி ஈரநீக்கிக்குக் கேளுங்கள்.